கையைப் பிடி

அந்த நாய்க்கு மாப்பிள்ளை என்று பெயர் வைத்தவர்கள் கிடங்கில் மூட்டை தூக்குகிற ஆட்கள். நேரம் தவறாமல் சாப்பாடு வர வேண்டும், எதிரே வந்தால் எல்லோரும் ஒதுங்கி வழிவிட வேண்டும், ஒரு சொல் கடுமையாகச் சொல்லிவிட்டால் முகத்தைத் திருப்பிக்கொண்டு படுத்துவிடும். வேறு என்ன பெயர் வைப்பது? தையல்காரி இதைக் கேட்டுப் பல தடவை சிரித்திருக்கிறாள். அதெல்லாம் நாய் கிடங்கில் இருந்தபோது. அது தன் வீட்டு வாசற்படியில் வந்து நின்ற காலையில் அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. 

கிடங்கில் காவல் நாயைப் பார்த்துக்கொள்வது அவள் கொழுந்தனின் வேலை. லாரியிலிருந்து பலகை வழியாக இறங்கும்போது வழுக்கி விழுந்து, இடுப்பெலும்பு உடைந்து ஆஸ்பத்திரியில் கிடந்தான். குட்டியாக வந்த நாளிலிருந்து மாப்பிள்ளைக்கு அவன்தான் தாய், தகப்பன், வாத்தியார் எல்லாம். கிடங்கு மேனேஜர் கெட்டவர் இல்லை, பயந்தவர். போன வருஷம் வேலி ஏறிக் குதித்த ஒருவனின் கால்சட்டை கிழிந்து, திருட வந்தவனே துணிந்து புகாரும் கொடுத்துவிட்டான். அதனால் மேனேஜர் இப்போது ஒரே பேச்சாக நின்றார். ஆள் எழுந்து வரும்வரை நாயை வீட்டில் வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் இனி ஒரு கடி, ஒரு புகார் வந்தால் ஊசி போட்டுவிடுவோம் என்றார். அவர் சொன்னது காய்ச்சலுக்குப் போடும் ஊசி இல்லை.

அவள் கணவன் பஸ் ஓட்டுகிறவன். தம்பி கட்டிலில் கிடந்து கண் கலங்கியதைப் பார்த்ததும், வீட்டில் ஒரு வார்த்தை கேட்காமல் சரி என்று சொல்லிவிட்டான்.

"என்னங்க, எனக்குக் குட்டி நாயைப் பார்த்தாலே காலு நடுங்கும்னு உங்களுக்குத் தெரியாதா?" என்று அவள் கேட்டாள்.

"தெரியும்மா. அதான் குட்டி நாயாக் கொண்டு வரலை" என்றான் அவன்.

அவள் பயத்துக்குக் காரணம் உண்டு. சின்ன வயதில் கடைக்குப் போய் வந்தவளைத் தெரு நாய் ஒன்று துரத்திக் கெண்டைக்காலில் கவ்வியது. தழும்பு ஆறிச் சுருங்கிப்போனது. பயம் மட்டும் அவளோடு சேர்ந்து வளர்ந்து, கல்யாணமாகி, இந்த வீட்டுக்கும் வந்து சேர்ந்தது. தெருவில் நாய் படுத்திருந்தால் சுற்றுவழியில் போவாள். துணி கொடுக்கப் போகும் வீட்டில் சங்கிலிச் சத்தம் கேட்டால் வாசலிலேயே நின்று கூப்பிடுவாள்.

வந்திருப்பதோ ராட்வைலர். கருங்கல்லில் செதுக்கிய மாதிரி தலை, கண்ணுக்கு மேலே இரண்டு தேன்நிறப் பொட்டு, பீப்பாய் போல நெஞ்சு. நடக்கும்போது தோள் எலும்புக்கு மேல் சதை உருண்டு உருண்டு போவது தெரியும். அவள் கணவன் வாரைக் கையில் சுற்றிப் பிடித்துக்கொண்டு வந்தபோது யார் யாரைக் கூட்டிக்கொண்டு வருகிறார்கள் என்று பார்க்கிறவர்களுக்குச் சந்தேகம் வந்திருக்கும். பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பிய மகள், புத்தகப் பையைப் போட்டுவிட்டு ஓடிப்போய் அதன் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். தாய் நிலைப்படியைப் பற்றிக்கொண்டாள். "கடவுளே" என்றாள். அதற்கு மேல் பிரார்த்தனை செய்ய அவளுக்கு மூச்சு வரவில்லை.

அன்று பகலில் கொழுந்தன் ஆஸ்பத்திரியிலிருந்து போன் செய்தான். வலி மாத்திரை போட்ட குரல். ஆனாலும் விவரம் ஒன்றுகூட விடவில்லை. சோற்றை ஒரே வேளையாகக் கொட்டிவிடக் கூடாது, காலையும் மாலையுமாகப் பிரித்துத்தான் வைக்க வேண்டும். ஆழமான நெஞ்சு உள்ள ஜாதி; வயிறு முட்டத் தின்றுவிட்டு ஓடினால் இரைப்பை முறுக்கிக்கொண்டு உயிரே போய்விடும். சாப்பிட்டபின் கொஞ்ச நேரம் படுக்க விட வேண்டும். மாடிப்படி ஏறவும் உயரத்திலிருந்து குதிக்கவும் விடக் கூடாது, இந்த எடைக்கு இடுப்பு மூட்டு தாங்காது. நகத்தைப் பார்க்க வேண்டும், காதைத் துடைக்க வேண்டும். எல்லாவற்றையும்விட வெயில். கறுப்பு உடம்பு சூட்டை உறிஞ்சிக்கொள்ளும். மூச்சு வாங்கினால் உடனே நிழலும் தண்ணீரும் வேண்டும். காலையும் மாலையும் நடக்கக் கூட்டிப்போவது, காது, நகம் எல்லாம் அண்ணனும் பாப்பாவும் பார்த்துக்கொள்வார்கள், பகல் மட்டும் அண்ணி பொறுப்பு என்றான்.

"சரி தம்பி, சரி தம்பி" என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். போனை வைக்கப் போகும்போது அவன் குரலைத் தாழ்த்தினான்.

"கடைசியா ஒண்ணு அண்ணி. 'பிடி'ன்னு மட்டும் சொல்லிராதீங்க."

"சொன்னா?"

"பிடிச்சிருவான்."

அவள் உட்கார்ந்துவிட்டாள். அவன் வெட்கத்தோடு விளக்கினான். குட்டியாக இருந்தபோது கயிற்றை ஆட்டி விளையாட்டாகச் சொல்லிக்கொடுத்த சொல். தனக்குப் புத்தி வந்து வேறு சொல்லாக மாற்றுவதற்குள் அது பாடத்தைப் படித்து முடித்துவிட்டது. கழுத்துக்குப் போகாது, முகத்துக்குப் போகாது. கையை மட்டும் கவ்வி ஆளை நிறுத்திவைக்கும், அப்படித்தான் பழக்கியிருக்கிறேன், ஆனால் திமிறினால் எலும்பு தாங்காது என்றான்.

"நான் சொன்னாலுமா தம்பி கேக்கும்? நான் வேத்தாளுதானே?"

"சோறு வைக்கிற கை சொன்னா கேக்கும் அண்ணி. அப்படி ஏதாவது ஆயிட்டா 'விடு விடு'ன்னு கத்தாதீங்க. பிடிபட்டவன் எல்லாம் அதைத்தான் கத்துவான், அதுக்கு விடமாட்டான். பக்கத்துல போய், நெஞ்சுல கை வச்சு, சாதாரணமா 'போதும்'னு சொல்லணும். சாப்பாடு வைக்கும்போது சொல்றோமே, அந்த மாதிரி. கை நடுங்கலாம், குரல் நடுங்கக் கூடாது."

அந்த நெஞ்சில் கை வைப்பதா? அதற்குப் பதில் ஓடுகிற மிஷின் ஊசிக்கடியில் விரலை வைத்துவிடலாம் என்று அவள் நினைத்துக்கொண்டாள்.

அதன் பிறகுதான் அவளுக்குப் புரிந்தது, பேச்சில் பாதி அந்த ஒரு சொல்லைக் கட்டிக்கொண்டுதான் நிற்கிறது என்று. தண்ணீர் டம்ளரை நீட்டினால் "இந்தா, பிடி". குழந்தை ஈரத்தில் நின்றால் சளி பிடிக்கும். சாப்பிட மாட்டேன் என்றால் அடம் பிடிக்கிறாள். அவள் தொழிலோ கேட்கவே வேண்டாம். இடுப்பைக் கொஞ்சம் பிடித்துத் தையுங்கள் என்று ஒருத்தி வருவாள், அக்குளில் பிடிக்கிறது என்று இன்னொருத்தி வருவாள். கலர் பிடித்திருக்கிறது, பார்டர் பிடிக்கவில்லை. ஒவ்வொரு தடவையும் தையல்காரி திரும்பிப் பின்னறைக் கதவைப் பார்ப்பாள். நெற்றியில் வேர்த்துவிடும்.

'பிடிக்கும்', 'பிடிச்சு' என்றெல்லாம் சொன்னால் ஒன்றும் ஆகாது, மொட்டையாக அந்த ஒரு சொல் வந்தால்தான் ஆபத்து என்று கொழுந்தன் தைரியம் சொன்னான்.

"நாய்க்கு இலக்கணம் தெரியுமா தம்பி?" என்று கேட்டுவிட்டு, வீட்டில் அந்தச் சொல்லின் வாலையும் தலையையும் சேர்த்தே தடை செய்துவிட்டாள்.

மகளுக்கு அது விளையாட்டாகிவிட்டது. தடை செய்த சொல் வரவேண்டிய இடத்திலெல்லாம் 'அது' என்று சொல்லத் தொடங்கினாள். "அம்மா, எனக்குச் சளி அது ஆயிருச்சு." "அப்பா, எனக்குக் கணக்கு டீச்சரை ரொம்ப அது." அவள் தகப்பனும் சேர்ந்துகொண்டான். சாப்பிட்டுக் கை கழுவும்போது, "இன்னைக்குச் சாப்பாடு ரொம்ப அது" என்பான். தையல்காரி சிரிப்பாள், சிரித்துக்கொண்டே பின்னறையையும் பார்த்துக்கொள்வாள்.

பகலில்தான் பயம். வெளியாட்கள் வரும் நேரத்தில் மாப்பிள்ளையைப் பின்னறையில் விட்டுத் தாழ்ப்பாள் போட்டுவிடுவாள். அதுவும் கையால் தொட்டு இல்லை. "வாங்க, உள்ளே போங்க" என்று சுவரோரமாக நின்று மரியாதையாகச் சொல்லுவாள், அது போகும். சோற்றுச் சட்டியையும் தண்ணீர்ச் சட்டியையும் துடைப்பக் கட்டையால் தள்ளித் தள்ளி அதன் முன்னால் கொண்டுபோய் நிறுத்துவாள். யாரும் இல்லாதபோது திறந்துவிட்டால், அவள் எங்கே போனாலும் பின்னாலேயே வரும். அடுப்படிக்குப் போனால் அடுப்படி வாசலில். மிஷினில் உட்கார்ந்தால் மூன்றடி தள்ளி, அவளைப் பார்த்தபடி. தன்னை வேவு பார்க்கிறது, சமயம் பார்க்கிறது என்று அவளுக்குத் தோன்றும். போனில் அழாத குறையாகச் சொன்னாள்.

கொழுந்தன் சிரித்தான். "காவல் காக்குறான் அண்ணி. அந்த ஜாதிக்கு வேலை இல்லாம இருக்கத் தெரியாது. இப்போ நீங்கதான் அவனோட கிடங்கு."

ஒரு நாள் வெட்டு மேசையில் குனிந்து துணி வெட்டிக்கொண்டிருந்தவளின் காலில் ஏதோ பாரமாக வந்து சாய்ந்தது. மாப்பிள்ளைதான். முழு எடையையும் அவள் முழங்கால் மேல் போட்டுக்கொண்டு நின்றது. தொண்டைக்குள்ளிருந்து 'குர்ர்ர்' என்று, தூரத்தில் லாரி ஏறி வருகிற மாதிரி ஒரு சத்தம். கத்தரிக்கோலைத் தூக்கியபடி அப்படியே கல்லாய் நின்றாள். தெரிந்த துதியெல்லாம் முதல் வரியோடு மறந்துபோயின. அது தானாக நகர்ந்து போய்ப் படுத்த பிறகுதான் கத்தரிக்கோல் கீழே இறங்கியது.

"சாயுறான்னா நம்புறான்னு அர்த்தம் அண்ணி. அந்தச் சத்தம் உறுமல் இல்லை, சந்தோஷம். தெரியாதவங்கதான் பயப்படுவாங்க" என்று கொழுந்தன் விளக்கினான்.

"அவர் சாய்ஞ்சார், எனக்கு உயிரே சாய்ஞ்சிருச்சு தம்பி."

அவள் வாடிக்கைக்காரர்களில் விசில்காரர் என்று ஒருவர். பள்ளிக்கூட வாசலில் நின்று, விசில் ஊதி, கையை நீட்டி வண்டிகளை நிறுத்திப் பிள்ளைகளைச் சாலை கடக்க வைக்கிற மனிதர். குளிர் காலம் வருமுன் தடித்த காக்கித் துணியில் ஒரு கோட்டு தைக்கக் கொடுத்திருந்தார். உடம்பும் இரண்டு கையும் இணைத்தாயிற்று. ஆனால் மிஷின் தையல் போடவில்லை. அவர் மாட்டிப் பார்த்ததும் சரிசெய்துவிட்டுப் பிரித்துக்கொள்ளலாம் என்று, தோள்பட்டையில் நீள நீளமாக நூலை ஓட்டி வைத்திருந்தாள். இழுத்தால் வந்துவிடும்.

அன்று மின்சாரம் இல்லை. காற்றும் இல்லை. பின்னறை ஜன்னல் மேற்கே பார்த்தது. பிற்பகல் வெயில் நேராக உள்ளே இறங்கியது. மிஷினை மிதித்துக்கொண்டிருந்தவளுக்குக் கதவுக்குப் பின்னால் மூச்சு வாங்கும் சத்தம் கேட்டது. முதலில் காதில் போட்டுக்கொள்ளவில்லை. சத்தம் வேகமாயிற்று. கதவிடுக்கில் பார்த்தாள். மாப்பிள்ளை தரையில் கிடந்தது. நாக்கு ஒரு முழம் தொங்கி, அடர்ந்த சிவப்பாக, ஓரத்தில் நுரையோடு இருந்தது. தண்ணீர்ச் சட்டி கவிழ்ந்திருந்தது. அது தலையைத் தூக்கவில்லை. கண்ணை மட்டும் உயர்த்தி அவளைப் பார்த்தது. குரைக்கவும் இல்லை, கதவைப் பிராண்டவும் இல்லை. உள்ளே இருங்கள் என்று சொன்னாள், இருந்தது.

அந்தப் பார்வை அவளை என்னவோ செய்தது. தாழ்ப்பாளைத் திறந்தாள். "வாங்க, வெளியே வாங்க" என்று சுவரோரமாக நின்றாள். பின்னறைக்கு முன்னால், வாசலிலிருந்து கொஞ்சம் காற்று எட்டும் நடையில் அது வந்து விழுந்தது. புதுத் தண்ணீரை வைத்தாள். பழந்துணி ஒன்றை நனைத்து, கிட்டப் போகப் பயந்து, தூரத்திலிருந்து அதன் முதுகில் எறிந்தாள். துணி சரியாக விழுந்தது. மாப்பிள்ளை ஒரு பெருமூச்சு விட்டது.

நடையில் விட்டால் வாரை ஜன்னல் கம்பியில் மாட்ட வேண்டும் என்பது கணவன் சொல்லிவைத்த கட்டளை. வார் ஆணியில் தொங்கியது. அதை மாட்டக் கழுத்துப் பட்டையைத் தொட வேண்டும். கை நீட்டினாள். மாப்பிள்ளை தலையைத் திருப்பியது. கை தானாகப் பின்வாங்கிவிட்டது. இந்த நேரத்தில் யார் வரப்போகிறார்கள் என்று மனத்தைச் சமாதானம் செய்துகொண்டு மிஷினுக்குத் திரும்பினாள். இரக்கப்பட்டது தப்பில்லை. பாதி வழியில் நின்றுபோன இரக்கம்தான் தப்பு. அது அவளுக்கு அப்போது தெரியவில்லை.

பள்ளிக்கூடம் விட்டது. பிள்ளைகளைச் சாலை கடக்க வைத்துவிட்டு, அவள் மகளையும் கையோடு கூட்டிக்கொண்டு விசில்காரர் படியேறி வந்தார். வாசல் திறந்துதான் இருந்தது. வழியெல்லாம் பாப்பா பேசிக்கொண்டே வந்தாளாம். ஒரு லாரி ஹாரனைக்கூட அடக்கிவிடலாம், இவள் வாயை அடக்க முடியவில்லை என்று சிரித்தார். கோட்டு அளவு பார்த்துவிடலாமா என்று கேட்டார். தையல்காரி நடையைப் பார்த்தாள். ஈரத் துணியின் கீழ் மாப்பிள்ளை கண்ணை மூடிக் கிடந்தது. எழுப்பி உள்ளே அனுப்பினால் அந்த உலைக்குள் திரும்ப வேண்டும். நல்லா தூங்குது, சீக்கிரம் முடிச்சு அனுப்பிடலாம் என்று நினைத்தாள்.

"அண்ணே, மெதுவாப் பேசுங்க. மாப்பிள்ளை தூங்குறாரு" என்றாள்.

"டூட்டிக்குப் போயிட்டு வந்த நேரம் போல" என்று, அவள் கணவனைச் சொல்வதாக நினைத்து, அவர் குரலைத் தாழ்த்திக்கொண்டு கோட்டை மாட்டிக்கொண்டார்.

கோட்டு உடம்பில் நன்றாக உட்கார்ந்தது. இடது கைதான் கொஞ்சம் நீளம். குண்டூசிகளை உதட்டில் கவ்விக்கொண்டாள். வலது தோளில் துணி சுருங்கியது. அங்கே ஒன்று குத்திவிட்டு, இடது கையின் விளிம்பை மடிக்கத் தரையில் மண்டியிட்டாள். அவர் கையை ஆட்டி ஆட்டிப் பேசுகிறவர், நிறுத்திவைக்க முடியவில்லை. மகள் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தாள். தையற்காரர்களுக்குச் சட்டையின் கையும் கைதான். அதற்கு வேறு பெயர் கிடையாது. வேலை மும்முரத்தில், எத்தனையோ வருஷப் பழக்கத்தில், வாயிலிருந்த கடைசி ஊசியை எடுத்துவிட்டு மகளிடம் சொன்னாள்:

"பாப்பா, அந்தக் கையைப் பிடி."

சொல்லி முடித்ததும் அவள் காதில் அது விழுந்தது. நடையில் ஈரத் துணி தரையில் விழும் சத்தமும் விழுந்தது.

குரைப்பு இல்லை, உறுமல் இல்லை. கறுப்பாக ஒன்று வந்தது, அவ்வளவுதான் தெரிந்தது. விசில்காரர் மேசையில் மோதினார். கத்தரிக்கோல் விழுந்தது. தோளில் ஓட்டியிருந்த நூல் பட்பட்டென்று தெறித்தது. ஆனால் கோட்டின் கைக்குள்ளே அவருடைய கை இருந்தது, அந்தக் கை மாப்பிள்ளையின் வாயில் இருந்தது. மகள் வாயைப் பொத்திக்கொண்டு சுவரோடு ஒட்டிவிட்டாள்.

"விடு, விடு, விடு" என்றார் விசில்காரர், மூச்சே இல்லாமல்.

மாப்பிள்ளை விடவில்லை. கடித்துக் குதறவும் இல்லை. கவ்வியபடி நின்றது. நாலு காலையும் தரையில் ஊன்றி, கண்ணை மட்டும் திருப்பித் தையல்காரியைப் பார்த்தது. சொன்னதைச் செய்துவிட்டேன், அடுத்து என்ன என்று கேட்கிற பார்வை.

அவள் கெண்டைக்காலில் பழைய தழும்பு தீப்பட்டதுபோல எரிந்தது. ஓடு, ஓடு என்று கால் சொன்னது. மண்டியிட்டிருந்ததால் அதன் முகமும் அவள் முகமும் ஒரே உயரத்தில் இருந்தன. அது விட்டுவிட்டுத் திரும்பினால் முதலில் இருப்பது அவள் முகம்தான். அவர் திமிறினால் எலும்பு உடையும். பிள்ளைகளை வண்டிகளுக்கு நடுவே கூட்டிப்போகிற கை அது. தன் மகளையும் சற்று முன்புதான் அந்தக் கை கூட்டிவந்தது.

"அண்ணே, ஆடாதீங்க. மரம் மாதிரி நில்லுங்க" என்றாள். மண்டியிட்டபடியே நகர்ந்தாள். கடவுளே, கை நடுங்கட்டும், குரல் நடுங்காமல் பார்த்துக்கொள் என்று வேண்டினாள். அவள் வாழ்நாளில் கேட்டதிலேயே சின்ன வரம் அதுதான், பெரிய வரமும் அதுதான். கையை நீட்டினாள். விரல்கள் ஆடின. ஈரமாய், சூடாய், பாறை போல அந்த நெஞ்சு. உள்ளே இதயம் அடித்துக்கொண்டிருந்தது. அவள் இதயம் அடித்த அதே வேகம்.

"போதும் மாப்பிள்ளை" என்றாள்.

தட்டில் இன்னொரு கரண்டி வைக்க வருகிறவரிடம் சொல்வது போலத்தான் வந்தது குரல். வாய் திறந்தது. கை வெளியே வந்தது. விசில்காரர் பின்னுக்கு நகர, பிய்ந்த காக்கிக் கை முழுசாக உருவிக்கொண்டு தரையில் விழுந்தது. மாப்பிள்ளை அதை ஒரு தரம் முகர்ந்து பார்த்துவிட்டு உட்கார்ந்தது.

தையல்காரி கழுத்துப் பட்டையைப் பற்றினாள். அதை விட்டுவிடவும் அவளுக்குப் பயமாக இருந்தது. பற்றியிருக்கவும் பயமாக இருந்தது. நடைக்குக் கூட்டிப்போய், ஒரு கையால் ஆணியிலிருந்து வாரை எடுத்து மாட்டி, ஜன்னல் கம்பியில் முடிச்சுப் போட்டாள். எத்தனை முடிச்சு என்று அவளுக்கே தெரியாது. மாலையில் அவற்றை அவிழ்க்க அவள் கணவன் ரொம்ப நேரம் பாடுபட்டான்.

பிறகு அழுதாள். அழுதுகொண்டே விசில்காரருக்கு நாற்காலியும் தண்ணீரும் கொடுத்தாள். டம்ளரை நீட்டும்போது, "இந்தாங்க, வாங்கிக்குங்க" என்றாள். அவர் உள்சட்டையின் கையைச் சுருட்டிப் பார்த்தார். தடித்த துணி காப்பாற்றியிருந்தது. தோல் கிழியவில்லை. பல் பதிந்த இடங்கள் சிவந்து, நீலம் பாரிக்கத் தொடங்கியிருந்தன. ஐஸ் கொண்டுவந்து துணியில் சுற்றிக் கட்டினாள். டாக்டரிடம் போய்க் காட்டிவிடலாம் என்றாள். போகலாம் போகலாம், முதலில் நெஞ்சு படபடப்பு நிற்கட்டும் என்றார் அவர்.

மறைக்க நினைத்திருந்தால் மறைத்திருக்கலாம். நாய்க்கு வெயிலில் மூளை கலங்கிவிட்டது என்று ஒரு வார்த்தை சொன்னால் அவர் நம்பியிருப்பார். அவளுக்கு அது தோன்றவும் செய்தது. அந்த நாய் போய்விட்டால் இந்தப் பயமும் போய்விடும். தான் ஒன்றும் செய்ய வேண்டியதில்லை, சும்மா இருந்தால் போதும். திரும்பி நடையைப் பார்த்தாள். மாப்பிள்ளை தலையை முன்கால்களுக்கு நடுவே புதைத்துக்கொண்டு கிடந்தது. சொன்னதைச் செய்ததற்கு ஏன் எல்லோரும் பதறினார்கள் என்று அதற்குப் புரியவில்லை. கேட்கவும் அதற்கு வாயில்லை.

"அது மேல தப்பில்லை அண்ணே. நான்தான் ஏவினேன், தெரியாம. கட்டிப் போடாததும் நான்தான்" என்றாள். எல்லாவற்றையும் சொன்னாள். கிடங்கு மேனேஜரின் பேச்சையும், ஊசியையும் சொன்னாள். "உங்களுக்கு வலி. நீங்க புகார் குடுத்தா அது நியாயம்தான். குடுக்காதீங்கன்னு கேக்க எனக்கு வாய் வரலை. நடந்தது இதுதான்னு மட்டும் சொல்லிட்டேன்."

விசில்காரர் கையில் கட்டிய ஐஸைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவளுக்கு அந்த நேரம், நாயின் நெஞ்சில் கை வைத்த நேரத்தைவிடப் பயமாக இருந்தது.

"நான் தினம் ரோட்டுல கையை நீட்டுறேன்" என்றார் கடைசியில். "படிச்சவன், பணக்காரன், லைசென்ஸ் வச்சிருக்கிறவன் எல்லாம் ஓட்டிட்டு வர்றான். விசில் ஊதி, கத்தி, கும்பிட்டாலும் பாதிப் பேர் நிறுத்தமாட்டான். இவன் உன் ஒரு சொல்லுக்கு நிறுத்திட்டான் பாரு. இவனுக்கு நான் எந்த வாயால புகார் சொல்றது?" கொஞ்சம் யோசித்து, "கோட்டுக் கையை மட்டும் இன்னும் அழுத்தமாத் தைச்சிரு தங்கச்சி" என்றார்.

பிறகு பாப்பாவிடம் திரும்பி, சாலையில் தான் சொல்லும்போது நிற்காமல் ஓடுகிறாளே, மாப்பிள்ளையிடம் பாடம் கேள் என்று கண்ணைச் சிமிட்டினார். மகள் அப்போதுதான் சுவரை விட்டு நகர்ந்தாள். தாயும் மகளும் அவரை முனையிலிருந்த டாக்டரிடம் கூட்டிப்போய்க் காட்டிவிட்டு வந்தார்கள்.

போனில் கேட்ட கொழுந்தன், சொல்லை மாற்றுகிறேன் அண்ணி, எழுந்து நடந்ததும் முதல் வேலை அதுதான் என்றான். அழுதிருப்பான் போலும், மூக்கை உறிஞ்சினான். வீட்டுக்கு வந்த கணவன் விஷயம் கேட்டு வெளுத்துப்போனான். இனி அவளைக் கேட்காமல் ஒரு பூனைக்குட்டியைக்கூடக் கொண்டுவர மாட்டேன் என்றான்.

அன்று மாலை மாப்பிள்ளை சாப்பிடவில்லை. மகள் வைத்தாள், முகர்ந்துவிட்டுத் திரும்பிப் படுத்தது. கணவன் வைத்தான், அதே கதை. மாப்பிள்ளைக்குக் கோபம் என்று அவன் வேடிக்கையாகச் சொன்னான். கோபம் இல்லை, பயம் என்று தையல்காரிக்குத் தெரிந்தது. பயத்தை அவளைவிட நன்றாகத் தெரிந்தவர் அந்த வீட்டில் யார்?

சட்டியை எடுத்தாள். துடைப்பக் கட்டையைத் தேடவில்லை. கையாலேயே கொண்டுபோய் வைத்துவிட்டுப் பக்கத்தில், ஒரு கை நீளத்தில், தரையில் உட்கார்ந்தாள். முழங்கால் மேல் கோட்டின் காக்கிக் கையைப் போட்டுத் தைக்கத் தொடங்கினாள். எங்கும் நெருக்கமான தையல், இரண்டு வரிசை. கொஞ்ச நேரம் கழித்து மாப்பிள்ளை எழுந்தது. சட்டியில் வாய் வைத்தது. முழுவதும் சாப்பிட்டுவிட்டு வந்து, மெதுவாக, அனுமதி கேட்பது போல, அவள் தோளில் சாய்ந்தது. தொண்டைக்குள் லாரி ஏறத் தொடங்கியது. அவள் ஊசியை நிறுத்தினாள். மூச்சையும் நிறுத்தினாள். பிறகு மூச்சை மட்டும் விட்டாள்.

மகள் கதவோரமாக நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அம்மா, உனக்கு மாப்பிள்ளையை அதுவா?"

தையல்காரி நூலைப் பல்லால் கடித்தாள். "இன்னும் பயமாத்தான் இருக்கு" என்றாள். அந்தப் பெரிய தலையின் பாரத்தில் அவள் தோள் கொஞ்சம் இறங்கியிருந்தது. தள்ளி உட்காரவில்லை.

"ஆனா, அதுதான்" என்றாள்.